ஆறு நிமிடம் இருபது விநாடி

இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், மூவேழு இருபத்தொன்று, நடுவில் ஜெரால்டு மைக்கைத் தட்டிப் பேர் வாசிக்க ஆளுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் இருபத்துநாலு நிமிடம், அதற்குப் பிறகு மங்கையர்க்கரசி என்று கூப்பிடுவார்கள், எழுந்து போயாக வேண்டும், இப்போதுகூட ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை, பென்சில் கையில்தான் இருக்கிறது, பதினோராவது பேரின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டால் ஏன் என்று கேட்க ஒருத்தரும் வரப்போவதில்லை என்று நினைத்தபடி மங்கை பென்சிலை அந்தப் பேருக்கு மேல் கொண்டுபோனாள், கொண்டுபோய் அதே இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு எடுத்தாள். முக்காலியின் மேல் மணி இருந்தது. பக்கத்தில் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியாரிடம் இரவல் வாங்கிவந்த ஸ்டாப்வாட்ச். மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கி முழுக்க வெங்காய நெடி. வியாபாரிகள் ஊருக்கு வெளியே புது மார்க்கெட்டுக்குப் போய் எட்டு மாதமாகிவிட்டது, இடிப்பதற்கு முந்தி மூன்று நாள் தருகிறோம் என்று சாவியைக் கொடுத்தார்கள், நாலு தடவை கழுவிவிட்டும் சுவரிலிருந்து காரம் போகவில்லை. வருகிற சனம் எல்லாம் மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வகையில் நல்லதுதான், இங்கே யார் கண் கலங்கினாலும் வெங்காயத்தின் மேல் போட்டுவிடலாம். மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்து நாற்காலியில், பஞ்சவர்ணம் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அப்பளக் கம்பெனியிலிருந்து நேரே வந்திருக்கிறாள், முழங்கை வரைக்கும் உளுந்துமாவு வெள்ளையாகக் காய்ந்திருந்தது, மடியில் தூக்குவாளி. மங்கை பார்க்கும்போது அவள் பார்க்கவில்லை. அவள் பார்க்கும்போது மங்கை பார்க்கவில்லை என்பது மங்கைக்கு எப்படித் தெரியும், ஆனாலும் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

எட்டாவது ஆள் தபால்காரர். தான் கடிதம் கொடுக்கும் தெருக்களில் எந்த வீட்டில் என்ன நாய், எது குரைக்கும், எது குரைக்காமல் வந்து கவ்வும் என்று வரிசையாகச் சொல்லிக் குரைத்தும் காட்டினார். ஜனம் உருண்டு சிரித்தது. மங்கையும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் ஸ்டாப்வாட்சைத் தடவினாள், ஒன்று பதினைந்து, ஒன்று பதினாறு. ஏழு நிமிடக் கணக்கு அவள் கொண்டுவந்ததுதான். முதல் வருஷம் 'பொதுச்சுவர்' என்று பேர் வைத்துப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, போர்டு எழுதுகிற ஜெரால்டு, பகுதிநேர ஓவிய டீச்சர் மங்கை, இன்னும் கை சும்மா இருக்காத சிலர், வாடகைக்கு ஆள் வராத ஒரு மண்டபத்தைப் பிடித்துத் தெருச்சனத்தின் சாமான்களைக் காட்சிக்கு வைத்து, யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்று சொன்னார்கள். அன்றைக்கு வேட்டி மடிப்புக் கலையாத ஒரு பெரியமனுஷர் மைக்கைப் பிடித்தவர் நாற்பது நிமிடம் விடவில்லை. ஒரு மாசம் ஆடிப் பழகிய ஆறு பிள்ளைகள் ஜிகினாப் பாவாடையோடு ஓரத்தில் நின்று தூங்கிவிழுந்து வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் கூட்டத்தில் மங்கைதான் எழுந்து பேசினாள். கலெக்டர் வந்தாலும் ஏழு, கீரைக்காரம்மா வந்தாலும் ஏழு, பேசினாலும் சரி பாடினாலும் சரி சும்மா நின்றாலும் சரி, ஏழு முடிந்தால் மணி. பெரிய சட்டமேதை. எல்லோரும் கை தூக்கினார்கள், எல்லோரும் கை தூக்கினால்தான் அங்கே எதுவும் நடக்கும். மணி எங்கே வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் சோலைமலைதான் கொண்டுவந்து கொடுத்தான், குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன், எங்கிருந்து எதை ஏற்றுவான் என்று தெரியாது, வண்டியை விற்றுவிட்டுப் போன சோன்பப்டிக்காரனிடம் கேட்டு வாங்கியதாம். "அடிச்சுப் பாரு மங்கை, பாதித் தெரு சில்லறையோட ஓடியாரும்" என்றான். தனக்குத் தானே சிரிப்பு வந்துவிட்டால் அவனுக்கு முகம் கண் இடுக்கெல்லாம் சேர்ந்து சிரிக்கும். நாலு ஐம்பது, நாலு ஐம்பத்தொன்று. தபால்காரர் இன்னும் மூன்று நாய் பாக்கியிருக்கிறது என்றார்.

மூன்று தடவை. மூன்று என்றதும் உள்ளே ஏதோ இடறியது, இடறும் என்று தெரிந்துதான் அந்தப் பக்கம் போகாமலிருந்தாள், நாயில் போய் இடறுகிறது. குழுவில் இன்னொரு வழக்கம் உண்டு, கூட்டம் நடக்கும்போது எல்லோருடைய போனும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்விட வேண்டும், டின் மங்கையின் காலடியில். அதுவும் அவள் யோசனையாகத்தான் இருக்க வேண்டும், நல்ல யோசனைக்கெல்லாம் அவள்தானே சொந்தக்காரி. இரண்டாம் வருஷம், ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று பத்து, எந்தப் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. டின்னுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி உர்ரென்றது. யாருடையது யாருடையது என்று சிரித்தார்கள். அடங்கியது. மறுபடி உர்ரென்றதும் மூடியைத் திறந்து பார்த்தாள், 'அண்ணன்' என்று வெளிச்சத்தில் எழுதியிருந்தது. வண்டி எத்தனை மணிக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்பான், மூன்று தரம் சொல்லியாயிற்று, வியாழன் காலை ஏழு என்று, காதில் வாங்காத மனுஷன் என்று எரிச்சல்தான் வந்தது. மூடியைப் போட்டாள். மூன்றாவது தடவை. அதைத்தான் அவளால் நினைக்க முடியவில்லை, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. மூன்றாவது தடவை சத்தம் வந்தபோது மடித்துவைத்திருந்த பேனர் துணியை எடுத்து டின்னின் மேல் அமுக்கிவைத்தாள். சத்தம் கேட்காமல் போய்விட்டது. அவ்வளவு லேசான காரியம், ஒரு துணி. பதினொன்றே முக்காலுக்கு ஒரு ஆள் பைக்கில் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்து, சோலைமலை தங்கச்சி யாரு என்று கேட்டான். காய்கறி மார்க்கெட் பக்கம் வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே ஊன்றினபடி உட்கார்ந்திருந்தானாம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டுகூட இல்லை, யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தானாம். யாரை எதிர்பார்த்திருப்பான். அண்ணியைக் கூப்பிட்டிருக்க முடியாது, அப்பளக் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை, உள்ளே போகும்போதே போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பிறகு யார் இருக்கிறார்கள் அவனுக்கு. மங்கை மணியை எடுத்து அடித்தாள். தபால்காரர் கடைசி நாயைப் பாதிக் குரைப்பில் நிறுத்திவிட்டு, சல்யூட் அடித்து, இறங்கிப் போனார். ஏழு சரியாக. இந்த வருஷம் ஒருத்தருக்கும் அவள் ஒரு விநாடி குறைக்கவில்லை, இரண்டு மூன்று கூட்டியே கொடுத்திருக்கிறாள், கொடுத்து என்ன.

பஜ்ஜிக்கடைக்காரர் மவுத்ஆர்கனைத் துண்டில் துடைத்து உதட்டில் வைத்தார், ஒன்பதாவது ஆள். எண்ணெய்ச் சட்டியின் முன் நின்று நின்று சிவந்துபோன முகம் கண்ணை மூடியதும் சாதுவாகிவிட்டது. பாட்டு அவள் காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. அண்ணி தூக்குவாளியின் காதைப் பிடித்திருக்கிறாள், பிடித்து விடுகிறாள். போன வருஷமும் இப்படித்தான் பிடித்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மூடிப்போன தியேட்டரின் சைக்கிள் ஸ்டாண்டில், பேர் கொடுக்காமல். கடைசி ஆள் முடிந்து ஜெரால்டு இன்னும் யாராச்சும் என்று கேட்டதும் எழுந்தாள். அண்ணி எதற்கும் முன்னால் வந்து நிற்கிற மனுஷி இல்லை, கல்யாண வீட்டில்கூடப் படம் எடுக்கும்போது யார் தோளுக்குப் பின்னாலாவது போய்விடுவாள். மைக்கின் முன்னால் போய் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். புருஷன் போய் ஒரு வருஷமான பொம்பளை என்று எல்லோருக்கும் தெரியும், ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. நாலு நிமிடம். மங்கை வாட்சையும் அண்ணியின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், பதினாறாம் நாள் எல்லோரும் போன பிறகு அண்ணி அண்ணனுடைய பழைய பட்டன்போனை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள், "கடைசியா யாருக்குக் கூப்புட்டாகளோ" என்று. சும்மா சொன்னாளா. பட்டன்போனில் பச்சைப் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் போதும், கடைசியாகக் கூப்பிட்ட பேர் வந்து நிற்கும், மங்கை, மங்கை, மங்கை. பார்த்திருப்பாள். பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாள், நானாகச் சொல்கிறேனா என்று பார்க்கிறாள். சொல்லவில்லை என்றதும் ஒரு வருஷம் மென்று விழுங்கிவிட்டு இன்றைக்கு மைக்கில் சொல்லப்போகிறாள், ஊரைக் கூட்டி வைத்துத் தெருவுக்குத் தெரு நல்லது செய்கிற இவள், பெற்ற தாய்க்குப் பதிலாகத் தூக்கி வளர்த்த அண்ணன் சாகும்போது கூப்பிட்டதை எடுக்கவில்லை என்று. ஐந்தரை. ஆறு. அண்ணி தொண்டையைச் செருமினாள். "அன்னிக்குக் காலைல அவுக..." என்றாள். மங்கையின் கை மணியை அடித்தது. கை அடித்தது என்றுதான் அவள் ஒரு வருஷமாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், கைக்குத் தனியாக மூளை இருக்கிற மாதிரி. அண்ணி மணியைப் பார்த்தாள், மங்கையைப் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள், தப்பாக வேறு யார் வீட்டுக்கோ நுழைந்துவிட்டவர்கள் சிரிப்பார்களே அப்படி, மைக்கை அதன் இடத்தில் நேராக்கி வைத்துவிட்டு இறங்கினாள். ஜெரால்டுகூட, "பாவம், பேச ஆரம்பிக்கயில ஏழு முடிஞ்சிருச்சு" என்றார். முடியவில்லை. வாட்சில் ஆறு நிமிடம் இருபது விநாடி. அது தெரிந்த ஒரே ஆள் மங்கை. யாரும் வாங்கிப் பார்ப்பதற்கு முந்தி பொத்தானை அமுக்கிச் சுழியாக்கிவிட்டாள்.

சண்டை போட்டிருந்தால் தேவலை. அண்ணி சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை, இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போனால் வா என்றாள், இரு என்றாள், போயிட்டு வா என்றாள், தீபாவளிக்கு அதிரசம் கொடுத்தனுப்பினாள், அந்த மூன்று வார்த்தையைத் தாண்டி நாலாவது வார்த்தை ஒரு வருஷமாக இல்லை. மங்கை எத்தனையோ தடவை வாசல்வரை போய், கதவைத் தட்டி, உள்ளே உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சொல்லாமல் வந்திருக்கிறாள். வீட்டில் சொல்ல முடியாததை மேடையில் சொல்லிவிடலாம் என்று எப்படித் தோன்றிற்றோ. மேடையில் அடித்ததை மேடையில்தான் எடுக்க வேண்டும் என்று முந்தாநாள் காட்சிக்கு வந்த கொட்டாங்கச்சிப் பொம்மைக்கும் அறுந்த பள்ளிக்கூடச் செருப்புக்கும் அட்டை எழுதிக்கொண்டிருந்தபோது தோன்றியது, உடனே பட்டியலில் பேரை எழுதிவிட்டாள். ஜெரால்டு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நீ மேலே போயிட்டா மணி யாரு அடிக்கிறது?"

"அண்ணி அடிக்கட்டும்."

"பஞ்சவர்ணமா? கேட்டுட்டியா அவங்கள?"

"கேக்கணும்" என்றாள். கேட்கவில்லை. இன்றைக்குக் காலையில் கேட்கலாம் என்றிருந்தாள், மத்தியானம் கேட்கலாம் என்றிருந்தாள், இப்போது மணி ஐந்தேகால், பஜ்ஜிக்கடைக்காரர் ஆறே நிமிடத்தில் முடித்து மவுத்ஆர்கனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கிவிட்டார், பத்தாவதாக அப்பளக் கம்பெனிப் பெண்கள் மூன்று பேர் மேலே ஏறிவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் அண்ணி வந்திருக்கிறாள். எனக்காக இல்லை, நான் கூப்பிட்டால் வருவாளா. ஒருத்தி தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு சூப்பர்வைசர் ஆனாள், "இது அப்பளமா, பஸ் சக்கரமா?" என்று கையைப் பின்னால் கட்டி நடந்தாள், மற்ற இருவரும் அவள் திரும்பும்போதெல்லாம் ஒரு அப்பளத்தை வாயில் போட்டார்கள். கிட்டங்கி அதிர்ந்தது. அண்ணி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, தூக்குவாளி மடியிலிருந்து நழுவ அதை முழங்காலால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் ஏதாவது சொன்னால் இப்படித்தான் சிரிப்பாள், "போதும், சோறு புரையேறுது" என்பாள். மங்கைக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சந்தோஷமாயிருந்தது, உடனே பயமாயிருந்தது, ஐந்து நிமிடம் கழித்து இதைக் கெடுக்கப்போகிறவள் நான்தானே, விட்டுவிட்டால் என்ன, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகட்டுமே, யாருக்காக இப்போது இதைச் சொல்ல வேண்டும், அவளுக்காகவா, எனக்கு நெஞ்சு கனக்கிறது என்பதற்காகவா. ஆனால் அவளுக்குத்தான் தெரியுமே. தெரிந்ததைச் சொன்னால் அவளுக்கு என்ன புதிதாக வலிக்கும். தெரிந்துகொண்டே தினம் வா இரு என்கிறாளே, அதுதான் அவளுக்கு வலி, அதை இறக்கி வைக்க வேண்டும். இப்படிச் சுற்றி இப்படி வந்தால் நியாயமாகத்தான் இருந்தது. ஏழு. மணியை அடித்தாள். பெண்கள் அப்பளத்தை மென்றுகொண்டே கும்பிட்டார்கள்.

ஜெரால்டு பேர் வாசிப்பதற்குள் எழுந்துவிட்டாள். மணியையும் வாட்சையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போய், அண்ணியின் முன்னால் நின்று, "அண்ணி, இதக் கொஞ்சம் பிடிங்க. ஏழு ஆனதும் அடிங்க" என்றாள். குரல் டீச்சர் குரலாக வந்துவிட்டது. அண்ணி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். மாட்டேன் என்பாள் என்று மங்கை நின்றாள். அண்ணி தூக்குவாளியைக் கீழே வைத்து, கையை முந்தானையில் துடைத்து, இரண்டையும் வாங்கிக்கொண்டாள். "எதை அமுக்கணும்?" என்று மட்டும் கேட்டாள். மேடை என்பது வெங்காயம் எடை போடுகிற சிமெண்டுத் திட்டுதான், இரண்டு படி, ஏறினாள். மைக்கின் முன்னால் நின்றதும் வார்த்தை எல்லாம் எங்கோ ஓடிவிட்டது. போன வருஷம் மைக்கின் முன்னால் நின்றவளுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். எத்தனை நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியவில்லை, வாட்ச் இப்போது அவள் கையில் இல்லை. பிறகு சொன்னாள். டின்னைச் சொன்னாள், பதினொன்று பத்தைச் சொன்னாள், மூன்று தடவை அடித்ததைச் சொன்னாள், அண்ணன் என்று எழுதியிருந்ததைப் படித்ததைச் சொன்னாள், துணியைச் சொன்னாள். "எரிச்சல்ல மூடுனேன். வேற காரணம் இல்ல" என்றாள். போன வருஷம் மணி அடித்தபோது வாட்சில் ஆறு நிமிடம் இருபது விநாடி என்றாள். "எங்க அண்ணி என்ன சொல்ல வந்தாங்கன்னு எனக்குத் தெரியும். நான் பயந்துட்டேன். நாப்பது செகண்டு முந்தியே அடிச்சேன்." வெங்காயத்தின் மேல் போட முடியாதபடி அவளுக்குக் கண்ணீர் வந்தது. இன்னும் ஏதோ இருந்தது சொல்ல, மன்னிப்பு என்றோ வேறு ஏதோ, வாயைத் திறந்தாள், மணி அடித்தது. சரியாக, ஒரே தடவை, சோன்பப்டி வந்த மாதிரி.

இறங்கி வந்தாள். அண்ணி நாற்காலியை விட்டு எழுந்து தூணோரமாக நின்றிருந்தாள், மணியின் நாக்கைச் சத்தம் வராமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு. முகத்தில் கோபம் இல்லை, மங்கை ஒரு வருஷமாகக் கற்பனை செய்து வைத்திருந்த எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"மூணு தடவையா கூப்புட்டாக?" என்றாள்.

மங்கைக்கு முதலில் புரியவில்லை. "அண்ணி, அந்தப் போன்ல... நீங்க பாக்கலையா?"

"அத அமுக்கிப் பாக்க எனக்கு மனசே வரல. சார்ஜுகூடப் போடல. பெட்டிக்குள்ள கெடக்கு." மாவு காய்ந்த கையால் தூணைப் பிடித்துக்கொண்டாள். "உன்னையவா கூப்புட்டாக. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

"அப்ப போன வருஷம்..." என்றாள் மங்கை.

"அன்னிக்குக் காலைல சட்டைய மாட்டிக்கிட்டே சொன்னாக. மங்கைகிட்டச் சொல்லி எம்பேரையும் சேக்கச் சொல்லணும், லாரி, பஸ்ஸு, குட்டியானன்னு ஏழு விதமா ஹாரன் அடிச்சுக் காட்டப்போறேன்னாக. வாயாலயே அடிச்சுக் காமிச்சாக, நான் சிரிச்சுப்புட்டேன். அதச் சொல்லிட்டு எறங்கிரலாம்னுதான் ஏறுனேன். வேற ஒண்ணும் இல்ல." அண்ணி மணியையும் வாட்சையும் மங்கையின் உள்ளங்கையில் வைத்தாள். "அதச் சொல்ல நாப்பது செகண்டு எனக்குத் தாராளம், மங்கை."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே முழங்கால்களை விலக்கச் சொல்லி, அவள் வாசல் பக்கம் நடந்தாள். நிறுத்தத் தெரியாமல் விட்ட வாட்ச் மங்கையின் கையில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெரால்டு மைக்கைத் தட்டி, இன்னும் யாராச்சும் பேர் குடுக்கிறீங்களா என்று கேட்டார்.